காற்றோடு போட்டி

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? தொடை கடுத்துவிடும். காற்றே வீசாத நாளிலும் வேகமாகப் போனால் காற்று தடுக்கும். வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும்.

அதனால் பந்தய சைக்கிள்கள் பலவற்றின் பிரேம் குழாய்கள் உருண்டையாக இருக்காது. மீனின் உடம்பைப் போலத் தட்டையாக இருக்கும். காற்று வழுக்கிக்கொண்டு போகும்.

ஆனால் காற்றை அதிகம் தடுப்பது சைக்கிள் அல்ல. ஓட்டுபவரின் உடம்புதான்!

பிரான்ஸ் நாட்டில் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயம் 'டூர் டி பிரான்ஸ்'. மூன்று வாரம் நடக்கும். 1989-ஆம் ஆண்டு கடைசி நாளன்று, பிரான்ஸ் வீரர் பினோன் 50 வினாடி முன்னிலையில் இருந்தார். அன்று ஒவ்வொருவரும் தனித்தனியாக 24.5 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். அமெரிக்க வீரர் லெமாண்ட், முன்னால் நீண்ட ஹேண்டில்பார் பொருத்தியிருந்தார். முழங்கைகளை நெருக்கி, முதுகைத் தாழ்த்தி ஓட்டினார். 8 வினாடி வித்தியாசத்தில் பந்தயத்தையே வென்றார்.

அப்படியானால் குனிந்தால் போதுமா? போதாது. அளவு மீறிக் குனிந்தால் தொடை வயிற்றில் இடிக்கும். மூச்சு முட்டும். மிதிக்கும் பலம் குறையும். ஆகவே, சட்டைக்கு அளவெடுப்பது போல, கை, கால், முதுகு அளந்துதான் பிரேம் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரேம் பொருந்தவில்லையா? சற்று நேரத்தில் முதுகு வலிக்கும். ஓட்டுபவர் நிமிர்ந்துவிடுவார். காற்று நேராக நெஞ்சில் மோதும்.