ஃபைப்ரினோஜன் கூடினால் மாரடைப்பு வருமா?

மாரடைப்பு என்றதும் கொழுப்பைத்தான் நினைக்கிறோம். இதயத் தமனியில் கொழுப்பு பல ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு கிழிகிறது. கிழிந்த இடத்தில் உறையும் ரத்தம்தான் பெரும்பாலும் குழாயை அடைத்துவிடுகிறது. கல்லீரலில் உற்பத்தியாகும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம், த்ராம்பின் என்ற நொதி பட்டதும் நூல்நூலாகத் திரிந்து, தட்டணுக்களையும் சிவப்பணுக்களையும் வலைபோலப் பிடித்துக்கொள்கிறது. உடல் அந்த நூலைக் கரைக்கும்போது மிஞ்சும் துணுக்குகளில் ஒன்றுதான் டி-டைமர்.

எளிதில் உறையும் ரத்தத்தை முன்பே அளந்து, ஆபத்தைக் கணித்துவிடலாமே? லண்டன் நார்த்விக் பார்க்கில் தாமஸ் மீட் குழுவினர் 40 முதல் 64 வயது வரையிலான 1,511 ஆண்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து, 1986-ல் முடிவை வெளியிட்டார்கள். ஃபைப்ரினோஜன் கூடுதலாக இருந்தவர்களுக்கு இதய நோயும் கூடுதலாக வந்திருந்தது. 2005-ல் 31 ஆய்வுகளை, 1,54,211 பேரின் விவரங்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் ஆகியவற்றின் பங்கைக் கழித்த பிறகும், டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் கூடினால் ஆபத்து சுமார் 1.8 மடங்கு.

இவ்வளவு வலுவான தொடர்பைப் பார்த்தால் யாருக்கும் இதுதான் காரணம் என்று தோன்றும். ஆனால் அப்படி இல்லை என்பதே என் புரிதல். மரபணு வேறுபாட்டால் பிறவியிலேயே ஃபைப்ரினோஜன் சற்றுக் கூடுதலாக உள்ளவர்கள் இருக்கிறார்கள். அதுவே காரணமானால் அவர்களுக்கு மாரடைப்பும் அதிகம் வந்தாக வேண்டும். பிரிட்டனில் மாரடைப்பு வந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்த 2006-ஆம் ஆண்டு ஆய்வில் அப்படித் தெரியவில்லை. அதற்கு முன்பே, கால் தமனி நோயுள்ள ஆண்களுக்கு பெசாஃபைப்ரேட் மாத்திரை கொடுத்துப் பார்த்திருந்தார்கள். ஃபைப்ரினோஜன் இறங்கியது, மாரடைப்பும் பக்கவாதமும் சேர்ந்த கணக்கு குறிப்பிடும்படி இறங்கவில்லை.

உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் ஃபைப்ரினோஜன் ஏறும். புகைபிடித்தால் ஏறும், விட்டால் இறங்கும். தமனிச் சுவரில் நடக்கும் கேட்டை அது காட்டிக்கொடுக்கிறது. அந்தக் கேட்டைச் செய்வது அதுவே என்பதற்குச் சான்று போதாது.

கொரோனாவுக்குப் பிறகு டி-டைமர் நம் வீடுகளிலும் புழங்கும் பெயராகிவிட்டது. வயதானாலும், கர்ப்பத்திலும், அறுவை சிகிச்சைக்குப் பிறகும், காய்ச்சலிலும் அது கூடும். கால் சிரையிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு இருக்குமோ என்ற சந்தேகம் எழும்போது, இல்லை என்று உறுதிசெய்யத்தான் அது மிகவும் உதவுகிறது. அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துப் பயந்து, மருத்துவரைக் கேட்காமல் தினமும் ஆஸ்பிரின் போடுவது வயிற்றில் ரத்தக்கசிவை வரவழைக்கலாம். நெஞ்சு வலித்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே முதலில் பார்க்க வேண்டியவை ஈசிஜியும், ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும்.