ஷூ வாங்காம வெளியே வந்துட்டீங்க... ஆனா கடைக்கு எல்லாம் தெரியும்!



காலையில அரக்கோணத்துல சென்னை ரயில் ஏறி, சீட் கிடைச்சதும் போனை எடுக்கறீங்க. ஒரு லெதர் ஷூ கண்ணுல படுது. விலை 3,500 ரூபாய். கார்ட்ல போட்டுட்டு, "சம்பளம் வரட்டும்"னு மூடிடறீங்க. சாயந்தரம் திரும்பும்போது பார்த்தா, திறக்கற பக்கமெல்லாம் அதே ஷூ!

இது தற்செயல் இல்லைங்க. உங்களை அளந்திருக்காங்க.

எப்படி அளக்கறாங்க?

ஆம்பூர்ல ஒரு செருப்புக் கடைக்குப் போனா, நீங்க எதைத் திரும்பித் திரும்பிப் பார்க்கறீங்கன்னு கடைக்காரர் கவனிப்பார். இணையக் கடையில அந்த வேலையைச் செய்யறது வெப் அனலிடிக்ஸ்.

உலகம் முழுக்க அதிகம் பயன்படுறது கூகுள் அனலிடிக்ஸ். 2005-ல அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கி, அதே வருஷம் கூகுள் இதை வெளியிட்டது. இப்போ இருக்கறது ஜிஏ4. நீங்க முதல் தடவை வரும்போது உங்க பிரவுசர்ல ஒரு குக்கி வைக்கும். அதுல உங்க பேர் இருக்காது, ஒரு எண் இருக்கும். அடுத்த தடவை வந்தா, "அதே ஆள்"னு அந்த எண் சொல்லிடும்.

10 செகண்டுக்கு மேல இருந்தீங்களா, பக்கத்தை 90 சதவீதம் வரை உருட்டினீங்களா, கார்ட்ல போட்டீங்களா, பணம் கட்டற பக்கத்துல திரும்பிட்டீங்களா, எல்லாமே தனித்தனியா பதிவாகும். மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி, நம்ம ஊர் ஜோஹோவின் பேஜ்சென்ஸ் மாதிரி கருவிகள்ல, விரல் எங்கே அதிகம் பட்டதுன்னு வண்ணப்படமாவே பார்க்கலாம்.

இதெல்லாம் தப்புன்னு சொல்லல. சின்ன வியாபாரிக்கும் இது உதவும். ஆனா பணம் கட்டற பக்கம் வரை போய்த் திரும்பினவங்கதான் கடைக்கு ரொம்ப முக்கியம். இன்னும் ஒரு தள்ளு தள்ளினா வாங்கிடுவாங்க! துரத்தற விளம்பரமும், "2 மட்டுமே மீதி"யும் அந்தத் தள்ளுதான்.

உங்க கணக்கு என்ன?

சம்பளம் 22,000, வேலை நாள் 26-னு வச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு சுமார் 846 ரூபாய். அந்த ஷூவுக்கு நாலு நாளுக்கு மேல உழைக்கணும். அந்த நாலு நாளும் ரயில்ல போய் வரணும். இந்தக் கணக்கைக் கடை உங்களுக்குக் காட்டாது.

நீங்க செய்ய வேண்டியது

1. குக்கி அனுமதி கேட்டா, கண்ணை மூடிட்டு 'அக்செப்ட்' கொடுக்காதீங்க. 'ரிஜெக்ட்' இருக்கான்னு பாருங்க. மாசம் ஒரு தடவை குக்கிகளை அழிச்சிடுங்க.

2. பொய்யான அவசரம் காட்டறது, கேட்காமலே கார்ட்ல பொருள் சேர்க்கறது, இதையெல்லாம் 2023 நவம்பர்ல வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் தடை செய்யுது. மொத்தம் 13 தந்திரங்களை அதுல பட்டியல் போட்டிருக்காங்க. புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

3. உங்களை நீங்களே அளங்க. போன் நோட்ஸ்ல மூணு வரி போதும்: இந்த மாசம் கார்ட்ல போட்டது எத்தனை? வாங்கினது எத்தனை? வாங்கினதுல 30 நாள் கழிச்சும் பயன்படுத்தறது எத்தனை?

மூணாவது எண் எந்த அனலிடிக்ஸ்லயும் வராது. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பத்து வாங்கி நாலைத்தான் பயன்படுத்தறீங்கன்னா, மீதி ஆறோட விலையைக் கூட்டிப் பாருங்க. உங்க முதல் எஸ்ஐபி பணம் அங்கேதான் இருக்கு.

ஷூ தேஞ்சிருந்தா தாராளமா வாங்குங்க. ஆனா முடிவு உங்க கால் சொல்றதா இருக்கட்டும், குக்கி சொல்றதா வேண்டாம்.