ஒன்பது கோள்களின் தலங்களும் ஊர்ப் பேருந்தும்

காவிரிக் கரையில் கோயில் இல்லாத ஊரைக் காண்பது அரிது. அதிலும் கும்பகோணத்தை நடுவாக வைத்து நோக்கினால், நவக்கிரகத் தலங்கள் ஒன்பதும் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் தொலைவுக்குள்ளேயே அமைந்திருப்பது புலனாகும். வாடகைக் காரை அமர்த்திக்கொண்டு ஒரே நாளில் ஒன்பது தலங்களையும் சுற்றி வருவோர் இன்று பலர். விடியுமுன் புறப்பட்டு, ஒவ்வொரு சந்நிதியிலும் சில நிமிடம் நின்று, அடுத்த கோயிலின் நடை சாத்துமுன் சேர வேண்டுமே என்ற பதைப்புடன் ஓடும் ஓட்டம் அது. அறுபதைக் கடந்த உடலுக்கு அது தரிசனமாக அமைவதைவிடத் தண்டனையாக அமைவதே மிகுதி.

இதே தலங்களை ஊர்ப் பேருந்துகளிலேயே, நான்கு நாள்களில், செலவு குறைவாகவும் மனம் நிறைவாகவும் தரிசித்து வரலாம். அதற்கு வேண்டுவது ஒன்றே: பேருந்துகள் எப்படி ஓடுகின்றன என்ற பின்னலைப் புரிந்துகொள்வது. அந்தப் பின்னல் அடியார்களுக்கு மட்டுமன்றி, அவர்களை நம்பிக் கடை விரித்திருக்கும் எளிய வணிகர்களுக்கும் வழிகாட்டியாக விளங்குவது.

வழிப்போக்கரைப் பேணிய நாடு

நாவுக்கரசரும் ஞானசம்பந்தரும் இந்தத் தலங்கள் பலவற்றுக்குத் திருத்தொண்டர் புடைசூழச் சென்றார்கள். சந்திரன் தலமான திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், தாம் நேரில் கண்டிராத நாவுக்கரசரின் பெயரால் வழியோரத்தில் தண்ணீர்ப் பந்தல் அமைத்த வரலாற்றைச் சைவ உலகம் நன்கறியும். பயணம் செய்பவருக்கு நிழலும் நீரும் தருவது சிவத்தொண்டு என்று கருதிய மண் இது.

நடையும் மாட்டுவண்டியும் இரயிலும் தந்த வசதியைப் பின்னர்ப் பேருந்துகள் உள்ளூர் வரை கொண்டுசேர்த்தன. கும்பகோணம் வட்டாரத்தில் இராமன் அண்டு இராமன் நிறுவனத்தின் பேருந்துகள் ஓடிய காலம் மூத்தவர்கள் நினைவில் இருக்கும். 1972-இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. 1997-இல் மன்னர்கள், தலைவர்கள் பெயரால் வழங்கிய கழகங்களில் பெரும்பாலானவை தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்னும் ஒரே பெயரை ஏற்றன. பெயர் மாறினாலும் வழித்தடங்கள் பெரும்பாலும் பழைய பெருவழிகளையே பின்பற்றுகின்றன. ஆற்றங்கரையை ஒட்டிச் சாலை; சாலையை ஒட்டிக் கோயில்; கோயிலை ஒட்டிச் சந்தை. இந்த மூன்றையும் கோத்து நிற்கும் நூல் பேருந்து.

பெருந்தடமும் கிளைத்தடமும்

பேருந்துப் பின்னலில் இருவகைத் தடங்கள் உண்டு. பெரிய ஊர் ஒன்றை மற்றொரு பெரிய ஊரோடு இணைப்பது பெருந்தடம். கும்பகோணம்–மயிலாடுதுறை, கும்பகோணம்–காரைக்கால், கும்பகோணம்–மன்னார்குடி, மயிலாடுதுறை–சீர்காழி ஆகியவை இவ்வகையின. இவற்றில் ஒரு பேருந்தைத் தவறவிட்டாலும் அடுத்தது வரும் என்று நம்பி நிற்கலாம். பெருந்தடத்திலிருந்து பிரிந்து சிற்றூருக்குள் செல்வது கிளைத்தடம். அங்கே நாளொன்றுக்குச் சில நடைகளே இருக்கும். தவறவிட்டால் காத்திருப்பு நீளும்.

ஒன்பது தலங்களையும் இவ்வாறு பிரித்துப் பார்த்தால் திட்டமிடுதல் எளிதாகும். ராகு தலமான திருநாகேசுவரம் கும்பகோணத்துக்குக் கிழக்கே, காரைக்கால் சாலையில், நகரப் பேருந்து எட்டும் தொலைவில் உள்ளது. அருகிலேயே ஒப்பிலியப்பன் கோயில். அதே சாலையில் தொடர்ந்து சென்றால், காரைக்காலுக்குச் சற்று முன்னர்ச் சனீசுவரன் தலமான திருநள்ளாறு. குருவின் தலமான ஆலங்குடி, வலங்கைமான் வழியாக நீடாமங்கலம், மன்னார்குடி செல்லும் சாலையில் இருக்கிறது. செவ்வாய்க்குரிய வைத்தீசுவரன்கோயில் மயிலாடுதுறைக்கும் சீர்காழிக்கும் இடையில் உள்ளது. இந்த நான்கும் பெருந்தடத்துத் தலங்கள்.

சூரியனார்கோயிலுக்கு ஆடுதுறையிலும், கேது தலமான கீழப்பெரும்பள்ளத்துக்குப் பூம்புகார் சாலையிலுள்ள தருமகுளத்திலும், புதன் தலமான திருவெண்காட்டுக்குச் சீர்காழியிலும் தடம் மாற வேண்டும். சுக்கிரன் தலமான கஞ்சனூர், சூரியனார்கோயிலுக்கு அண்மையில் உள்ளது. திங்களூர், கும்பகோணம்–திருவையாறு சாலையில் இறங்கிக் கிளைச்சாலையில் சற்று உள்ளே செல்ல வேண்டிய ஊர். இந்த ஐந்துக்கும் காலைப் பொழுதை ஒதுக்குவதே அறிவுடைமை. நேரம் தவறினாலும் ஈடுசெய்யப் பகல் மீதமிருக்கும்.

நான்கு நாள் பயணம்

கோயில்களின் நடை பெரும்பாலும் நண்பகலில் சாத்தப்பட்டு மாலை நான்கு மணியளவில் திறக்கப்படும். ஆகவே ஒவ்வொரு நாளையும் காலை ஒன்று, மாலை ஒன்று என இரு கூறாக்கிக்கொண்டு, நடுப்பகலை உணவுக்கும் ஓய்வுக்கும் விடுவது நலம்.

முதல் நாள் கும்பகோணத்தில் தங்கி, காலையில் திங்களூரும் மாலையில் ஆலங்குடியும் தரிசிக்கலாம். இரண்டாம் நாள் காலையில் ஆடுதுறை வழியாகச் சென்று, மரபுப்படி முதலில் திருமங்கலக்குடிப் பிராணநாதேசுவரரை வணங்கி, பின்னர்ச் சூரியனார்கோயிலும் கஞ்சனூரும் காணலாம். மாலையில் திருநாகேசுவரம். அன்று ஞாயிறாக அமைந்தால், மாலை நாலரை முதல் ஆறு வரையிலான இராகு காலப் பாலபிடேகத்தைக் காணும் பேறும் வாய்க்கும். மூன்றாம் நாள் மயிலாடுதுறைக்கு இருப்பிடத்தை மாற்றிக்கொண்டு, காலையில் திருவெண்காடு, மாலையில் வைத்தீசுவரன்கோயில். நான்காம் நாள் காலையில் கீழப்பெரும்பள்ளம், மாலையில் திருநள்ளாறு. திருநள்ளாறு புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்ததாதலால் அவ்வரசின் பேருந்துகளும் அங்கே ஓடுகின்றன.

இத்தனை நாள் ஒதுக்க இயலாதவர்களுக்கும் வழி உண்டு. 2024 பிப்ரவரியில் அரசுப் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்திலிருந்து நவக்கிரகச் சிறப்புப் பேருந்தை வார இறுதி நாள்களில் இயக்கத் தொடங்கியது. அப்போது ஒருவருக்கு 750 ரூபாய் கட்டணம். ஒரே நாளில் ஒன்பது தலங்கள் என்பதால் அலுப்பு இருக்கத்தான் செய்யும். ஆயினும் தனியே கார் அமர்த்த இயலாத முதியவர்களுக்கு அது பெரும் உதவி. புறப்படுமுன் அப்போதைய கட்டணத்தையும் நேரத்தையும் பேருந்து நிலையத்தில் உறுதிசெய்துகொள்வது நன்று.

மூத்தோர் மறவாதிருக்க வேண்டியவை

பேருந்தின் முகப்புப் பலகையில் சேருமிடம் பெரிதாகவும், செல்லும் வழி சிறிதாகவும் எழுதப்பட்டிருக்கும். பார்க்க வேண்டியது சிறிய எழுத்தையே. ஒரே ஊருக்கு இரு வழிகள் இருக்கும்போது, சேருமிடத்தை மட்டும் பார்த்து ஏறியவர் தாம் இறங்க வேண்டிய ஊரைக் காணாமலே போக நேரும். எழுத்துப் புலப்படாவிடில் நேரக் காப்பாளர் அறையில் கேட்கலாம். எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு, எந்த வழியாகச் செல்லும் என்பது அவர் விரல் நுனியில் இருக்கும்.

கிளைத்தடத்து ஊரில் இறங்கியவுடன், கோயிலுக்குள் நுழையுமுன் திரும்பும் பேருந்தின் நேரத்தை நடத்துநரிடமோ எதிரிலுள்ள கடையிலோ கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சந்நிதியில் நிற்கும்போது மனம் கடிகாரத்தை நாடாதிருக்க இதுவே வழி. சில்லறை, தண்ணீர், வேளை தவறாத மருந்து ஆகிய மூன்றும் கைப்பையிலேயே இருக்கட்டும். பெட்டி விடுதியில் இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் மகளிருக்குக் கட்டணமில்லை. கும்பகோணத்திலிருந்து நகரப் பேருந்து செல்லும் தலங்களுக்கு இச்சலுகை பயன்படும். இதனால் அண்டை வீட்டார் நால்வராகச் சேர்ந்து வியாழன்தோறும் குருவையோ, வெள்ளிதோறும் அம்பாளையோ தரிசிக்கச் செல்வது எளிதாகியுள்ளது. மகனிடம் கைச்செலவுக்குக் கேட்காமல் கோயிலுக்குச் சென்று வர முடிவது ஒரு மூதாட்டிக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பது அவரவர் உள்ளத்துக்கே தெரியும்.

தடத்தை நம்பி வாழும் கடைகள்

அடியாருக்கு வழித்தடமாக இருப்பது, சிறு வணிகருக்கு வாழ்க்கைத் தடம். நவக்கிரகத் தலங்களில் இதனைத் தெளிவாகக் காணலாம். ராகு, கேது நீங்கலாக ஒவ்வொரு கோளுக்கும் ஒரு கிழமை உரியது. ஆலங்குடியில் வியாழனன்று கொண்டைக்கடலை மாலையும், திருநள்ளாற்றில் சனியன்று எள் தீபமும் மிகுதியாக விற்கும். அந்தக் கிழமைக்கு வேண்டிய பூ முந்தைய இரவோ அன்றைய முதல் பேருந்திலோ வந்து சேர்ந்தாக வேண்டும். பூவுக்கு ஆயுள் ஒரு பகல். முதல் பேருந்து வாராத நாளில் பூக்காரியின் முதலே வாடிவிடுகிறது.

சிறு வணிகம் தொடங்க எண்ணுவோர் பேருந்துத் தடத்தைக் கணக்குப் புத்தகம்போல் படிக்கலாம். ஏறும் இடம், மாறும் இடம், இறங்கும் இடம், திரும்பக் காத்திருக்கும் இடம் என நான்கு இடங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் விற்கும் பொருள் வேறு. ஏறும் இடத்தில் செய்தித்தாளும் தண்ணீரும் விற்கும். தடம் மாறும் ஊரில் இட்லியும் காப்பியும் விற்கும். இறங்கியவர் நேரே கோயிலை நோக்கி நடப்பதால் அங்கே அருச்சனைப் பொருள் தவிர வேறெதிலும் அவர் கண் செல்வதில்லை. தரிசனம் முடிந்து, மனம் அமைதியுற்று, பேருந்துக்காக அரைமணி நேரம் அமர்ந்திருக்கும்போதுதான் பேரப்பிள்ளைகளின் நினைவு வரும். பொம்மையும் பலகாரமும் ஊர்ச் சிறப்புப் பொருளும் அங்கேதான் விலைபோகும். இறங்குமிடத்தில் கடை வைத்து வாடியவர், சாலையின் எதிர்ப்பக்கம் மாறியவுடன் தழைப்பதும் உண்டு.

தடத்தை ஒட்டிக் கைத்தொழில்களும் நிலைத்திருக்கின்றன. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலையில் திருபுவனத்துப் பட்டுத்தறிகள். திருவாரூர்ச் சாலையில் நாச்சியார்கோயில் குத்துவிளக்குகள். மேற்கே சுவாமிமலையில் ஐம்பொன் திருமேனிகள். மூன்றும் கோயிலை நாடி வருவோரை எதிர்நோக்கிப் பிழைக்கும் தொழில்கள். காரில் விரைபவர் இந்த ஊர்களைக் கண்ணாடி வழியே கடந்துவிடுகிறார். பேருந்தில் வருபவரோ நின்று பார்க்கிறார்.

பொருள் அனுப்புவதற்கும் இன்று வழிகள் பெருகியுள்ளன. 2022 ஆகஸ்டு முதல் அரசு விரைவுப் பேருந்துகளின் சுமைப் பெட்டியை வாடகைக்கு எடுத்துச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் சரக்கு அனுப்பலாம். சுய உதவிக் குழுப் பெண்கள் அடையாள அட்டையுடன் 25 கிலோ வரையிலான தம் பொருள்களை 100 கிலோமீட்டர் வரை கட்டணமின்றி அரசுப் பேருந்தில் எடுத்துச் செல்லவும் சலுகை தரப்பட்டுள்ளது. அப்பளமும் ஊறுகாயும் செய்து கோயில் வாசலில் விற்கும் குடும்பத்துக்கு இதனால் மிஞ்சும் தொகையே இலாபம்.

நின்றுபோகும் நடைகள்

இத்தனையும் பேருந்து ஓடும் வரையில்தான். கிளைத்தடத்தில் பயணிகள் குறைந்தால் வருவாய் குறைகிறது. வருவாய் குறைந்தால் ஒரு நடை நிறுத்தப்படுகிறது. நடை குறைந்தால், வரும் நேரம் உறுதியில்லை என்று எஞ்சிய பயணிகளும் விலகுகிறார்கள். கடைசியில் ஊருக்குப் பேருந்தே இல்லை என்றாகிறது. மாலைப் பேருந்து நின்ற ஊரில் சாயரட்சைப் பூசைக்கு வருவோர் குறைவதையும், வாசலில் பூக்கூடை ஒன்று குறைவதையும், அருச்சகர் தட்டில் விழும் காணிக்கை சுருங்குவதையும் காணலாம். பாடல் பெற்ற தலமாயினும், ஆள் வராத கோயிலில் விளக்கேற்றுவோர் எத்தனை நாள் நிலைத்திருப்பர்?

பேருந்து எட்டாத ஊர்களுக்காக 1997-இல் சிற்றுந்துத் திட்டம் வந்தது. 2025 ஜூனில் அது விரிவாக்கப்பட்டுத் தஞ்சையில் தொடங்கிவைக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களின் பயன் கேட்பவர்க்கே முதலில் கிட்டும். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர் கூட்டத்தில், எந்த ஊருக்கு எந்த வேளையில் பேருந்து தேவை, அதனால் பயன்பெறுவோர் யாவர் என்று தெளிவாக எழுதி, ஊரார் பலர் கையொப்பமிட்டு மனு அளிக்கலாம். கோயில் நிருவாகத்தாரும் கடைக்காரர்களும் சேர்ந்து கையொப்பமிட்டால் மனுவின் எடை கூடும். பூசை நேரத்தையும் பேருந்து நேரத்தையும் ஒப்பிட்டு ஒரு பட்டியலாக இணைத்தால் அதிகாரிகளுக்கும் முடிவெடுப்பது எளிது.

காலமும் கனிந்துள்ளது. 2016-க்குப் பின்னர் 2028-இல் மீண்டும் மகாமகம் வரவிருக்கிறது. அப்போது நாடெங்கிலுமிருந்து அடியார்கள் கும்பகோணத்துக்கு வருவர். திருவிழாவுக்கென விடப்படும் சிறப்புப் பேருந்துகள் சில நாளில் நின்றுவிடும். கேட்டுப் பெற்ற ஊர்ப் பேருந்தோ ஆண்டு முழுவதும் ஓடும்.

பெற்ற பேருந்தைக் காப்பதும் அடியார் கையிலேயே உள்ளது. ஆண்டில் ஒருமுறையேனும், இயன்றவர்கள் கார்ப் பயணத்தை விடுத்து, கிளைத்தடப் பேருந்தில் ஏறிச் சீட்டு வாங்கி ஒரு சிற்றூர்க் கோயிலுக்குச் சென்று வரட்டும். அந்தச் சீட்டின் விலை சில ரூபாய்களே. ஆயினும் அதனால் ஒரு நடை நிலைக்கிறது. ஒரு பூக்கடை திறக்கிறது. ஒரு சந்நிதியில் விளக்கு எரிகிறது. வழியோரத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்த அப்பூதியடிகளின் தொண்டு இக்காலத்தில் இவ்வடிவிலும் தொடரலாம். கோள்கள் ஒன்பதும் அனைவர்க்கும் நலமே அருளுக.