மறந்து போன ஒரு சான்றிதழ்

1985-ல் ஜப்பானின் கோபே நகரத்தில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. ஸ்பெயின் அணியில் 24 வயது மரியா ஹோசே மார்ட்டினெஸ் பத்தின்யோவும் வந்திருந்தார். அவருடைய பந்தயம் 100 மீட்டர் தடை ஓட்டம். ஊரிலிருந்து கிளம்பும்போது ஒரே ஒரு காகிதத்தை எடுத்து வைக்க மறந்துவிட்டார். 'இவர் பெண்தான்' என்று சொல்கிற சான்றிதழ் அது.

அப்படியெல்லாம் ஒரு சான்றிதழா? ஆமாம், இருந்தது. பெண் வேடத்தில் ஆண்கள் புகுந்துவிடுவார்களோ என்ற பயத்தில் 1968 ஒலிம்பிக்கிலிருந்தே குரோமோசோம் சோதனை வந்துவிட்டது. ஒரு தடவை தேறினால் சான்றிதழ் கிடைக்கும். அடுத்தடுத்த போட்டிகளில் அதைக் காட்டினால் போதும். பத்தின்யோவுக்கு 1983 ஹெல்சிங்கி உலகத் தடகளப் போட்டியிலேயே அது கிடைத்திருந்தது. கையில் இல்லாததால் கோபேயில் மறுபடியும் சோதனை.

சோதனை ரொம்ப எளிது. கன்னத்தின் உள்பக்கம் லேசாகச் சுரண்டி, வரும் செல்களுக்குச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருந்தால் அதில் ஒன்று செயலற்றுச் சுருண்டு, கரும்புள்ளியாகத் தெரியும். அதற்கு 'பார் பாடி' என்று பெயர். புள்ளி தெரிந்தால் பெண், தெரியாவிட்டால் பிரச்சினை. அவ்வளவுதான். ஹெல்சிங்கியில் தேறியவர் கோபேயில் தேறவில்லை. இரண்டு வருஷத்தில் அவர் உடம்பு ஒன்றும் மாறிவிடவில்லை.

காலில் அடிபட்ட மாதிரி நடிக்கச் சொன்னார்கள். நடித்தார். மற்றவர்கள் ஓடுவதைக் கேலரியில் உட்கார்ந்து பார்த்தார். சில மாதம் கழித்து விரிவான சோதனையின் முடிவு கடிதமாக வந்தது: 46 எக்ஸ்ஒய். அதாவது, வழக்கமாக ஆண்களிடம் காணப்படும் குரோமோசோம் அமைப்பு.

அவருக்கு இருந்தது 'முழுமையான ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை'. உடலுக்குள் விந்தகம் இருக்கும், டெஸ்டோஸ்டிரோனும் சுரக்கும். ஆனால் அந்த ஹார்மோனை வாங்கிக்கொள்ள வேண்டிய ஏற்பி செல்களில் வேலை செய்யாது. அதனால் உடல் பிறப்பிலிருந்தே பெண்ணாகத்தான் வளரும். சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் பருவ வளர்ச்சியும் பெண்களுக்கு உரியதுதான். இதில் விசித்திரம் என்னவென்றால், சாதாரணப் பெண்களின் உடல் கொஞ்சம் டெஸ்டோஸ்டிரோனையாவது பயன்படுத்திக்கொள்ளும், இவர் உடலுக்கு அதுவும் கிடையாது. யாருக்கு அநியாய பலம் இருக்கிறது என்று தேடிய சோதனை, அந்த பலம் துளியும் இல்லாதவரைப் பிடித்துக்கொடுத்தது. மென்பொருள் வேலையிலும் இந்தத் தப்பைப் பார்த்திருக்கிறேன். அளக்க வேண்டியதை அளக்க முடியாதபோது, சுலபமாக அளக்க முடிந்த எதையாவது அளந்துவிட்டு அதையே விடைன்னு நம்பிவிடுவோம். அங்கே போவது ஒரு ரிலீஸ், இங்கே போனது ஒருத்தருடைய வாழ்க்கை.

1986 ஜனவரியில் ஸ்பெயின் தேசியப் போட்டி. மறுபடியும் காயம் என்று சொல்லி விலகிக்கொள்ளச் சொன்னார்கள். இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. 60 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடி, ஜெயித்தார். விஷயம் பத்திரிகைகளுக்குப் போனது. விளையாட்டு வீரர்கள் விடுதியிலிருந்து வெளியேற்றம், உதவித்தொகை ரத்து, பதிவேட்டிலிருந்து அவருடைய ஓட்ட நேரங்கள் நீக்கம். காதலரும் விலகினார்.

அவர் ஒளிந்துகொள்ளவில்லை என்பதுதான் இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம். சொந்தக் காசில் மருத்துவர்களைத் தேடிப் போனார். இந்தச் சோதனையே தப்பு என்று முன்பிருந்தே சொல்லிவந்த ஃபின்லாந்து மரபியல் அறிஞர் ஆல்பர்ட் த லா ஷபெல் அவருக்காக வாதாடினார். 1988-ல் ஓட அனுமதி திரும்பக் கிடைத்தது. ஆனால் ஒரு ஓட்டக்காரருக்கு மூன்று வருஷம் என்பது சின்ன இடைவெளி இல்லையே. சொந்த நாட்டில், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஓடும் வாய்ப்பை 0.10 நொடியில் தவறவிட்டார். பின்னாளில் வீகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2005-ல் தன் அனுபவத்தை 'லான்செட்' மருத்துவ இதழில் தானே எழுதினார்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்ததில் 8 பேருக்கு முடிவு மாறி வந்தது. எட்டு பேரையும் ஓடவிட்டார்கள். 1999-ல் ஒலிம்பிக் கமிட்டி எல்லோருக்குமான கட்டாயச் சோதனையையே கைவிட்டது. ஆனால் சந்தேகம் வந்தால் தனியாகச் சோதிக்கலாம் என்ற வழி திறந்தே இருந்தது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற நம்ம புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனின் பதக்கம் பறிபோனது அந்த வழியில்தான். பத்தின்யோ ஜெயித்து 18 வருஷம் ஆன பிறகும் ஒரு பெண்ணின் உடம்பு டிவியில் விவாதப் பொருளானது.

2025 செப்டம்பரிலிருந்து கன்னத்துச் சோதனை மறுபடி வந்திருக்கிறது. இப்போது புள்ளியை எண்ணுவதில்லை, ஒய் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணுவைத் தேடுகிறார்கள். உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் பிரிவில் ஓட இது கட்டாயம். முழுமையான ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை உள்ளவர்களுக்கு விதியிலேயே விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.