தீப்பெட்டி அலமாரியும் ஈர்க்குக் கட்டிலும்

திருக்காட்சித் திருவிழா கழிந்ததும் ஆலயக் குடிலைப் பிரித்து எடுத்து வைப்பது எந்தப் பங்கிலும் உள்ள வழக்கம். 2024 சனவரியில் பள்ளிக்கரணையிலே நாம் அவ்வாறு பிரித்தபோது, தெர்மோகோல் துண்டுகளும், பொன்வண்ணத் தாள்களும், பாதி தீர்ந்த பசை டப்பாக்களும் ஒரு மூலை நிறைய மிஞ்சிக் கிடந்தன. குப்பையில் சேர்த்துவிடலாம் என்றார் கோவிற்பிள்ளை. ஆனால் மறைக்கல்விக்கு வந்திருந்த சிறார் பதினொருவர் அவற்றைச் சுற்றி நின்றுகொண்டு நகர மறுத்தனர். அப்படியாயின் இவற்றைக் கொண்டு பொம்மைகளுக்கு ஒரு வீடு கட்டுங்கள் என்றோம்.

பொம்மை வீடு மேனாட்டார் விளையாட்டு ஆயிற்றே என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். அன்று, மணலிலே சிறு வீடு இழைத்து விளையாடும் சிறுமியரைச் சங்கப் பாடல்களிலேயே காண்கிறோம். அதற்குச் சிற்றில் என்று பெயர். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் அதற்கெனத் தனிப் பருவமே உண்டு. எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று சிறுமியர் பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையிடம் மன்றாடும் பருவம் அது. நெல்லை, குமரிப் பகுதிகளிலிருந்து வந்து தாம்பரம், மேடவாக்கம் பக்கம் குடியேறிய குடும்பத்தாருக்குச் சிறுவீட்டுப் பொங்கலைப் பற்றி நாம் சொல்ல வேண்டுவதில்லை. வாசலில் களிமண்ணால் சுவர் எழுப்பி, அறை வகுத்து, அதன் முன்னே பெண் குழந்தைகள் சிறு பானையில் பொங்கலிட்ட நாள்களை அவர்கள் வீட்டுப் பாட்டிமார் நன்கறிவர்.

மேனாட்டிலோ பொம்மை வீடு முதலில் செல்வரின் காட்சிப் பொருளாகவே இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்னும் சீமாட்டி 1686க்கும் 1710க்கும் இடையே அமைத்த பொம்மை வீடு அங்குள்ள ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. அதற்கு ஆன செலவில் கால்வாய்க் கரையிலே மெய்யான வீடு ஒன்றையே வாங்கியிருக்கலாமாம்! புது தில்லியில் இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக விளங்கும் கட்டடத்தை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ், 1921 முதல் 1924 வரை இங்கிலாந்தின் மேரி அரசியாருக்கென ஒரு பொம்மை மாளிகை அமைத்தார். அதில் குழாயில் தண்ணீர் வரும், மின்விளக்கு எரியும், மின்தூக்கி ஏறி இறங்கும். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனன் டாயில் அதன் நூலகத்திற்கென்றே ஒரு குட்டிக் கதை எழுதிக் கொடுத்தார். வின்சர் கோட்டையில் அதனை இன்றும் காணலாம். காணலாம், அவ்வளவே, எந்தக் குழந்தையும் அதற்குள் கைவிட்டு ஒரு நாற்காலியை நகர்த்த இயலாது. நம் சிற்றிலோ விளையாடி முடிந்ததும் அழிந்துபோவது. இரண்டில் எது குழந்தைக்குரியது என்பதில் நமக்கு ஐயமில்லை.

எனினும் லட்யன்ஸ் கையாண்ட அளவு நமக்கும் உதவியது. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்பதே அது. ஏழடிக் கதவு ஏழு அங்குலம். இரண்டரை அடி மேசை இரண்டரை அங்குலம். சிறார் இக்கணக்கைக் கால் மணி நேரத்தில் கற்றுக்கொண்டு, பிற்பகல் முழுதும் ஆலயத்தின் பெஞ்சுகளை அளந்து திரிந்தனர்.

சுவர்களுக்கு ஆப்பிள் வந்த அட்டைப்பெட்டிகள் பழக்கடையில் கிடைத்தன. அட்டையின் உள்ளே ஓடும் நெளிவரிகள் மேலிருந்து கீழாக நிற்குமாறு வெட்டினால் சுவர் வளையாது. மடிக்க வேண்டிய இடத்தில் மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடிட்டு மடித்தால் முனை நேராக வரும். ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் காயும்போது அட்டை அப்பளம்போல் வளைந்துகொள்ளும். மறுபக்கமும் ஒட்டிவிட வேண்டும். வீட்டிலே மைதாப் பசை காய்ச்சுவோர் சிலர் பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, சிறார் கைபடும் பசையில் கூடவே கூடாது. விளக்கு வைக்கிறோம் என்று பொத்தான் போன்ற சிறு பேட்டரிகளையும் கொடுத்துவிடாதீர்கள்; விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இனித் தட்டுமுட்டுச் சாமான்கள். காலித் தீப்பெட்டிகள் ஆறை இரண்டிரண்டாக அடுக்கி ஒட்டி, சுற்றிலும் வண்ணத்தாள் போர்த்தி, ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு பாசிமணியைக் கோத்துவிட்டால் இழுப்பறை அலமாரி ஆயிற்று. துடைப்பத்து ஈர்க்குகளைச் சட்டமாகக் கட்டி, நூலைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினால் கயிற்றுக் கட்டில். சோடா மூடி தாம்பாளம், பற்பசை மூடி வாளி, சட்டைப் பொத்தான் சாப்பாட்டுத் தட்டு. கண் சொட்டு மருந்துப் புட்டிக்குச் சிவப்பு வண்ணம் பூசி ஒரு சிறுவன் கேஸ் சிலிண்டர் செய்தான். அதைப் பார்த்து நாம் வாய்விட்டுச் சிரித்தோம். கிழிந்த கோரைப்பாயிலிருந்து சிறு பாய் வெட்டுவோர், வெட்டும் கோட்டிலே முன்னதாகத் துணிநாடாவை ஒட்டிவிட்டு அதன் நடுவே வெட்ட வேண்டும். இல்லையேல் கோரை பிரிந்துவிடும்.

இதனிடையே நம் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்கிறோம். முதல் நாளே வெள்ளைத்தாளில் ஒரு வரைபடம் வரைந்து, வரவேற்பறையில் சோபா, அதன் எதிரே தொலைக்காட்சி, பக்கத்தில் உணவு மேசை என்று குறித்துக் கொடுத்திருந்தோம். பிள்ளைகள் மரியாதைக்கு வாங்கிக்கொண்டார்கள், பார்க்கவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் ஒற்றை அறையில் ஐவர் உறங்கும் வீட்டினர். அவர்கள் அறிந்த வீட்டையே அவர்கள் கட்டினர்.

அவர்களுள் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. இரண்டடுக்கு வீடு ஒன்றைத் தனியே எழுப்பினாள். கட்டில், அலமாரி, அடுப்பு, புத்தகப்பை எல்லாம் மேல் அறையில். மேல் அறைக்கும் அதற்கு மேலே மொட்டைமாடிக்கும் ஐஸ் குச்சிகளால் ஏணிகள் சார்த்தியிருந்தாள். கீழ் அறையில் ஒரு துரும்பு இல்லை. தங்கத்தாள் வேண்டிய மட்டும் இருக்கிறதே அம்மா, இந்த அறையையும் அழகுபடுத்தலாமே என்றோம்.

“கீழே வச்சா தண்ணி வந்துடும் ஃபாதர்” என்றாள்.

நமக்குச் சுருக்கென்றது. மிக்ஜாம் புயல் பெய்துவிட்டுப் போய் அப்போது ஒரு மாதமே ஆகியிருந்தது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் தென்சென்னையின் பல ஏரிகள் நிரம்பி வழியும் நீர் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாய்க்குச் செல்லும் இடம். 2022இல் ராம்சர் பட்டியலில் அது இடம்பெற்றது நமக்குப் பெருமையே. ஆனால் அதன் பெரும்பகுதியைத் தூர்த்துத்தான் தெருக்களும் வீடுகளும் எழுந்தன. 2015 திசம்பரிலும் 2023 திசம்பரிலும் நீர் தன் பழைய இடத்திற்கே வந்தது. இச்சிறுமியின் வீட்டில் கட்டில் மூழ்கும்வரை நின்றது. நிவாரணப் பொட்டலம் கொடுக்க அந்த வீட்டிற்குள் நாமே சென்றிருந்தோம். குழந்தையிடம் ஒரு வார்த்தை கேட்டோமில்லை. அவளும் அதுவரை எவரிடமும் பேசவில்லை என்று தாயார் பின்னர் கூறினார். மகள் கட்டிய வீட்டைப் பார்த்த அந்தத் தாய் வெகுநேரம் அதன் எதிரே அமர்ந்திருந்தார். பிறகு இருவருமாகத் தலையணைக்கு உறை தைத்தனர்.

பெற்றோரே, விடுமுறையில் உங்கள் இல்லத்திலும் ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்துப் பாருங்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் சாமான்களை வாங்கி நிரப்பிவிடாதீர்கள். எது எங்கே இருக்க வேண்டுமென்று சொல்லாதீர்கள். கத்தரிக்கோல் பிடிக்கும்போது மட்டும் அருகில் இருங்கள். பிள்ளை பேசத் தொடங்கினால் கைவேலையை வைத்துவிட்டுக் கேளுங்கள்.

அந்த இரண்டடுக்கு வீடு நம் அலுவலக அறையின் பீரோவின் மேல் உள்ளது; உயரத்தில்தான் வைக்க வேண்டும் என்பது அவள் கட்டளை. பள்ளி திறந்தபின் ஒரு ஞாயிறன்று வந்து அதனை இறக்கித் தரச் சொன்னாள். கீழ் அறையில் முதன்முறையாக ஒரு பொருளை வைத்தாள்: விரலளவு கோரைப்பாய். பாய் என்றால் சுருட்டி எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிடலாமாம்.