தொலைந்த சுட்டிகளைத் தேடும் வழி

இருபது ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் படித்த ஒரு கட்டுரையை மகளுக்குக் காட்டலாம் என்று நினைக்கிறீர்கள். எப்போதோ குறித்துவைத்த சுட்டி கையில் இருக்கிறது. சொடுக்கினால் ‘பக்கம் இல்லை’ என்று வருகிறது. சில நேரம் அதைவிட மோசமாக, அந்த முகவரியை வேறு யாரோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டிருப்பார்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தே ஆண்டுகளில் காணாமல் போய்விட்டன.

அப்படிக் காணாமல் போனவற்றைத் தேட ஒரு நூலகம் இருக்கிறது. புரூஸ்டர் கேல் 1996-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’, உலகெங்கும் உள்ள இணையப் பக்கங்களை அவ்வப்போது படியெடுத்துச் சேமித்துவருகிறது. அந்தச் சேமிப்பை 2001 முதல் ‘வேபேக் மெஷின்’ என்ற பெயரில் எல்லோரும் இலவசமாகப் பார்க்க முடிகிறது. 2025 அக்டோபரில் அதன் இருப்பு ஒரு லட்சம் கோடி பக்கங்களைத் தொட்டது.

இவ்வளவு பெரிய நூலகத்துக்குள் போன பலர் ஐந்தே நிமிடத்தில் வெறுங்கையோடு திரும்பிவிடுகிறார்கள். கூகுளில் தேடுவதுபோல் அங்கேயும் தேடுவதுதான் காரணம். கட்டுரையின் தலைப்பையோ எழுத்தாளர் பெயரையோ தட்டிப் பயனில்லை. இந்த நூலகம் பக்கங்களை முகவரிப்படிதான் அடுக்கி வைத்திருக்கிறது. சொல்லைத் தட்டினாலும் ஏதோ சில தளங்கள் வருமே என்று கேட்கலாம். வரும். ஆனால் அந்தத் தேடல் தளங்களின் முகப்பை மட்டுமே காட்டும். அதுவும், பிறர் அந்தத் தளத்துக்குச் சுட்டி கொடுத்தபோது என்ன சொற்களால் குறிப்பிட்டார்கள் என்பதை வைத்து. உள்ளே இருக்கும் கட்டுரைகளின் வரிகள் அதற்குத் தெரியாது.

ஆக, முதலில் வேண்டியது முகவரி. அது நினைவில் இல்லாதவர்கள் எங்கே போவது? என் அனுபவத்தில் இதற்குப் பழைய சுட்டித் தொகுப்புகளை விஞ்சிய துணை இல்லை. தேடுபொறிகள் வலுப்பெறும் முன்பு, நல்ல தளங்களை மனிதர்கள் கையால் பட்டியலிட்டு வைத்தார்கள். 1994-இல் தொடங்கிய யாஹூ அடைவு 2014 வரை இருந்தது. தன்னார்வலர்கள் தொகுத்த டீமோஸ் அடைவு 1998 முதல் 2017 வரை நடந்தது. அதில் தமிழுக்கும் ஒரு பிரிவு இருந்தது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கும் ‘மதுரைத் திட்ட’த்தை 1998 பொங்கலன்று தொடங்கியவர், தமிழ் மின்னூலகம் என்று ஒரு தளமும் நடத்தினார். தமிழ் எழுத்துரு, இலக்கியம், பண்பாடு பற்றிய இணைய வளங்களுக்கு அது வழிகாட்டியது. அது ஒருகாலத்தில், யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தளம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸில் குடியிருந்தது. 2009 அக்டோபரில் யாஹூ ஜியோசிட்டீஸை மூடியபோது அங்கிருந்த எத்தனையோ தமிழ்ப் பக்கங்களும் வீடிழந்தன. வலைப்பதிவுகளைப் பொறுத்தவரை 2004-இல் பிறந்த ‘தமிழ்மணம்’ திரட்டியை முதலில் பாருங்கள். அந்தக் காலத்துப் பதிவர்களின் முகவரிகள் அங்கே கொட்டிக்கிடக்கின்றன.

இந்தத் தொகுப்புகளையும் வேபேக்கில்தான் திறக்க வேண்டும், நீங்கள் தேடும் ஆண்டுக்குப் போய். 2005-ஆம் ஆண்டுப் படியில் உள்ள ஒரு சுட்டியைச் சொடுக்கினால், அடுத்த பக்கமும் அதே காலத்தை ஒட்டிய படியாகவே திறக்க முயலும். தெருவைப் பிடித்து வீட்டைக் கண்டுபிடிப்பது மாதிரி நடந்து போகலாம். முகவரியை ஊகிக்கிறவர்கள் எழுத்துக்கூட்டலில் கவனமாக இருக்க வேண்டும். ‘தமிழ்’ என்பதை ஆங்கிலத்தில் ‘எல்’ போட்டு முடித்தவர்களும் உண்டு, ‘இசட்-எச்’ போட்டு முடித்தவர்களும் உண்டு. தொடக்கத்தில் ‘டி’ மட்டும் போட்டவர்களும் ‘டி-எச்’ போட்டவர்களும் உண்டு. எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடுவது நல்லது.

தளத்தின் பெயர் கிடைத்துவிட்டது, கட்டுரையின் முழு முகவரிதான் தெரியவில்லை என்றால், தளப் பெயருக்குப் பின் ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் இட்டுத் தேடுங்கள். அந்தத் தளத்திலிருந்து படியெடுத்த முகவரிகள் பட்டியலாக வரும். பக்கத்திலேயே வடிகட்டும் பெட்டி ஒன்று இருக்கும். அதில் ஆண்டையோ, முகவரியில் இருக்கக்கூடிய சொல்லையோ இட்டால் பட்டியல் சுருங்கும். முகப்பில் சுட்டி அறுந்துபோன பக்கங்கள்கூட இந்த வழியில் அகப்படும்.

ஒரு முகவரியைத் திறந்ததும் நாட்காட்டி தெரியும். நீலப் புள்ளி உள்ள நாட்களில் பக்கம் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. பச்சை என்றால் அன்று அந்த முகவரி வேறிடத்துக்குத் திருப்பிவிட்டது. ஆரஞ்சும் சிவப்பும் பிழைகள். பலர் கடைசிப் புள்ளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். தளம் செத்த பிறகு எடுத்த படிதான் கடைசிப் படி. அதில் என்ன இருக்கும்? நடு ஆண்டுகளின் நீலத்தைத் தொடுங்கள்.

தமிழில் தேடுகிறவர்களுக்கு இதற்குமேல்தான் உண்மையான சிக்கல். சரியான பக்கமே திறந்திருக்கும், ஆனால் திரையில் தமிழ் இருக்காது. தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிவரியாக நிற்கும். பக்கம் கெட்டுவிட்டது என்று மூடிவிடாதீர்கள், அது தமிழேதான். ஒருங்குறி (யூனிகோடு) பரவும் முன், ஐரோப்பிய எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் எழுத்துகளை உட்காரவைத்துத்தான் நம்மவர்கள் எழுதினார்கள். இணையக் குழுக்களில் கூடிப் பேசி உருவாக்கிய ‘டிஸ்கி’ ஒரு முறை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற ‘டாப்’, ‘டாம்’ இன்னும் இரண்டு. போதாததற்கு ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது.

எந்த முறை என்பதைப் பக்கத்தின் மூலநிரலே சொல்லிவிடும். அதில் எழுத்துருவின் பெயரைத் தேடுங்கள். ‘டி-எஸ்-சி’ என்று தொடங்கினால் டிஸ்கி. ‘டி-ஏ-பி’ என்றால் டாப். ‘டி-ஏ-எம்’ என்றால் டாம். பிறகு உரையைப் படியெடுத்து, என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் இட்டால் ஒருங்குறித் தமிழாகிவிடும். அந்த ஒரு நொடியில் கொம்பும் புள்ளியும் மறைந்து வாக்கியங்கள் எழுந்து வருவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. வேலை முடிந்த பின்னிரவுகளில், யாரும் கூலி கொடுக்காமல், சிங்கப்பூரிலும் சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் உட்கார்ந்து தட்டச்சிட்ட தமிழ் அது. கூகுளில் தமிழில் தேடினால் அது அகப்படாமல் போவதற்கும் இந்தக் குறியாக்கமே காரணம்: நாம் தட்டும் ‘அம்மா’வும் அவர்கள் எழுதிய ‘அம்மா’வும் கணினிக்கு வெவ்வேறு எண்கள்.

வலைப்பதிவுகளில் வேறு விதமான முடிச்சு. பிளாகர் தளத்தில் தமிழில் தலைப்பு வைத்தால் அது முகவரியில் ஏறாது. ‘பிளாக்-போஸ்ட்’ என்ற சொல்லும் ஓர் எண்ணும்தான் நிற்கும். அதனால் தலைப்பைக் கொண்டு வடிகட்ட முடியாது. முகவரியில் ஆண்டும் மாதமும் இருப்பதால் அவற்றைக்கொண்டு தேடுங்கள். இன்னொன்றும் உண்டு. 2012 முதல், பிளாகரின் பிளாக்ஸ்பாட் முகவரியில் இருந்த பதிவுகளை இந்தியாவில் திறந்தால் அவை ‘டாட் இன்’ முகவரிக்குத் திருப்பப்பட்டன. நம்மில் பலர் சேமித்ததும் பகிர்ந்ததும் அந்த முகவரிகளையே. 2020-இல் அந்த ‘டாட் இன்’ பெயரைக் கூகுள் கைநழுவவிட்டது; அத்தனை சுட்டிகளும் ஒரே வீச்சில் அறுந்தன. அப்படி ஒரு சுட்டி உங்களிடம் இருந்தால் ‘இன்’ என்பதை அழித்து ‘காம்’ என்று போட்டுப் பாருங்கள். பதிவர் அழிக்காத வரை பதிவு உயிரோடுதான் இருக்கும். வேர்ட்பிரஸ்ஸில் தமிழ்த் தலைப்பு முகவரிக்குள் போகும், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் குறைந்தது ஒன்பது குறிகளாக விரியும். அதை அஞ்சலில் ஒட்டும்போது பாதியில் வெட்டுப்பட்டால் சுட்டி வேலை செய்யாது. கிடைத்த பாதியோடு நட்சத்திரக் குறி சேர்த்து வேபேக்கில் தேடினால் மீதி கிடைக்க வாய்ப்புண்டு.

கடவுச்சொல் கேட்கும் குழுக்களும், படிவத்தை நிரப்பினால் மட்டும் விடை தரும் தரவுத்தளங்களும் பெரும்பாலும் வேபேக்கில் இருக்காது. அவற்றுக்காக நேரம் செலவிட வேண்டாம்.

தேடியது கிடைத்ததும், மேலே தெரியும் வேபேக் முகவரியை முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் உள்ள 14 இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்று படியெடுத்த நேரத்தைச் சொல்பவை. நேரம் கிரீன்விச் கணக்கு. ஆனால் வேபேக்கை மட்டுமே நம்பியிருக்கவும் முடியாது. 2024 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலால் அந்த நூலகமே சில நாட்கள் மூடிக்கிடந்தது. முக்கியமான பக்கத்தைப் பி.டி.எஃப். ஆகவும், ஒருங்குறிக்கு மாற்றிய உரையைத் தனிக் கோப்பாகவும் உங்கள் கணினியில் வைத்து, முதல் வரியில் மூல முகவரியையும் அந்த 14 இலக்கங்களையும் எழுதிவிடுங்கள்.