சுமைதாங்கிக்கும் ஒரு போட்டோ!

"ஏம்மா, போட்டோ புடிக்க ஒனக்கு வேற எடமே கெடைக்கலையா?"

கேட்டவர் ஒரு பாட்டி. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் வழியில் ஒரு சின்ன ஊர். பஸ் வர நேரம் இருந்தது. சின்ன வெங்காயக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாட்டி உட்கார்ந்திருந்தார். நானோ எதிரே இருந்த பொதுக் கழிப்பறையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்! சுவரில் 'பெண்கள்' என்று எழுதி, பெரிய பொட்டும் கொண்டையுமாக ஒரு முகம். கதவில் துருப்பிடித்த பூட்டு. பூட்டின் மேல் சிலந்தி வலை.

நீங்களும் சிரிக்கிறீர்கள், இல்லையா? கோயில் கோபுரத்தை எடுக்கலாம், பேரன் பிறந்த நாளை எடுக்கலாம். கக்கூஸை யாராவது எடுப்பார்களா? என்ன செய்ய, எனக்கு இது ஒரு பைத்தியம். பழைய பெட்ரோல் பங்க், மைல் கல், தபால் பெட்டி, அடிபம்பு என்று யாரும் திரும்பிப் பார்க்காததாகப் பார்த்து எடுப்பேன்.

எனக்கு மட்டுமா?

ஜெர்மனியில் ஹில்லா பெஹர் என்ற பெண்மணியும் அவர் கணவர் பெர்ன்டும் 1959-லிருந்து பல பத்தாண்டுகள் ஊர் ஊராகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் படம் எடுத்தார்கள். பின்னால் அவற்றில் பல இடிக்கப்பட்டன, படங்கள் நின்றன. அமெரிக்காவில் எட் ரூஷே என்ற ஓவியர் 26 பெட்ரோல் பங்குகளைப் படம் எடுத்து 1963-ல் ஒரு புத்தகமே போட்டார்.

நம் ஊர் பங்க் மட்டும் சளைத்ததா? அந்த நாளில் கையால் அடிக்கிற பம்பு இருந்தது. அடிக்க அடிக்க, மேலே உள்ள கண்ணாடிக் குடுவையில் பெட்ரோல் ஏறும். அளவைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டிக்குள் இறக்குவார்கள். எஸ்ஸோ 1974-லும், பர்மா ஷெல் 1976-லும் அரசு வசமாகிப் பெயர் மாறின. அந்தப் பழைய பெயர்ப் பலகைகளை அப்போதே யாராவது ஒரு படம் எடுத்து வைத்திருந்தால்!

அரியலூர்ப் பக்கம் இன்னொரு அதிசயம். கடலே இல்லாத ஊரில், ஓடையிலும் சுண்ணாம்புக்கல் பாறையிலும் கல்லாகிப் போன கிளிஞ்சல்! சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்ததாம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாய் மாறிய மரமே 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. அதைப் பார்க்கத்தான் அன்று கிளம்பியிருந்தேன்.

பாட்டி காட்டிய கல்

"கக்கூஸைப் புடிக்கிறியே, அந்தக் கல்லைப் புடிச்சியா?" என்று பாட்டி கை காட்டினார்.

புளியமரத்தடியில் இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்கப் போட்டிருந்தது. சுமைதாங்கி! தலைச்சுமையோடு நடந்து வருகிறவர், 'ஒரு கை பிடிங்க' என்று யாரையும் கூப்பிடாமல், அப்படியே நகர்த்தி வைத்துவிட்டு இளைப்பாறலாம். திரும்பவும் அதே போலத் தலைக்கு மாற்றிக்கொண்டு நடக்கலாம். அந்த உயரத்துக்கு அளவெடுத்த மாதிரி வைத்திருக்கிறார்கள்.

"புள்ளத்தாச்சியா செத்துப்போன பொண்ணு பேருல நட்டதும்மா. அவ சுமையை எறக்காமலே போயிட்டா. நாலு பேர் இதுல சுமை எறக்கினா அவ மனசு ஆறும்னு சொல்லுவாங்க. நான் கல்யாணமாகி வந்த புதுசுல, வெறகுக் கட்டை இதுலதான் எறக்குவேன். எறக்கறப்பெல்லாம், 'யாரு பெத்த பொண்ணோ, நல்லா இரு தாயி'ன்னு சொல்லிக்குவேன்."

தமிழ்நாட்டில் பல இடங்களில் இந்த வழக்கம் இருந்தது. சில கற்களில் பெயரும் வருஷமும்கூட வெட்டியிருக்கும். இந்தக் கல்லில் எழுத்து தேய்ந்து, 'அம்மாள்' என்ற ஒரு சொல் மட்டும் பாக்கி. என் கண் கலங்கிவிட்டது. பிரசவம் மறுபிறப்பு என்று நம் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்? 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் லட்சம் குழந்தை பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தார்கள். எவ்வளவோ குறைந்துவிட்டது. ஆனாலும் அந்த 54 பேருக்கு எந்தச் சாலையில் கல் நடுகிறோம்?

சாலையை அகலப்படுத்தும்போது முதலில் போவது இந்த மாதிரிக் கற்கள்தான். தலைச்சுமை போய் லாரியும் ஆட்டோவும் வந்த பிறகு, யாருக்கு அது வேண்டும்?

பூட்டிய கதவு

பாட்டியோடு திரும்பி வந்தபோது அந்தக் கழிப்பறைக் கதவு வேறு மாதிரி தெரிந்தது. இதுவும் பெண்ணுடைய சுமையை இறக்கி வைக்கக் கட்டிய இடம்தானே? வெளியூர் கிளம்பினால் நாம் என்ன செய்கிறோம்? தண்ணீரே குடிப்பதில்லை. அடக்கி அடக்கி வைக்கிறோம். அதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது. கர்ப்பிணிகளுக்கு இது வந்து கவனிக்காமல் விட்டால், குறை மாதப் பிரசவம் வரைக்கும் கொண்டு போகலாம் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

மனசு வைத்தால் நடக்காததா? பக்கத்தில் திருச்சி மாவட்டத்து முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் கட்டிய கழிப்பறையில், உபயோகித்தவர்களுக்கே காசு கொடுத்தார்கள்! சேர்ந்தது வயலுக்கு உரமாயிற்று. அதன் நிறுவனர் மராச்சி சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

எனவே என் படம் வேடிக்கைக்கு மட்டும் இல்லை. பூட்டையும் தேதியையும் சேர்த்து இரண்டு பிரதி போட்டேன். ஒன்று ஆல்பத்துக்கு. இன்னொன்றை மனுவோடு இணைத்து உள்ளாட்சி அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். வாயால் சொன்னால் 'பார்க்கலாம்மா' என்பார்கள். படத்தைப் பார்க்காமல் இருக்க முடியாதே!

நீங்களும் எடுக்கலாமே!

* பெரிய கேமரா வேண்டாம், கைபேசி போதும். நேராக நின்று, பொருள் முழுசும் தெரிய எடுங்கள். பக்கத்தில் ஒரு குடத்தை வைத்தால் உயரம் புரியும்.

* கல்லெழுத்தைக் காலையிலோ மாலையிலோ, சாய்வெயிலில் எடுங்கள். தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும். சுண்ணாம்போ பெயின்ட்டோ தடவ வேண்டாம்.

* கழிப்பறையை வெளியிலிருந்து மட்டும், உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு எடுங்கள். ஆட்களை எடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

* பெட்ரோல் பங்கில் பம்பு பக்கத்தில் கைபேசியை எடுக்காதீர்கள். சாலை ஓரத்திலிருந்தே எடுக்கலாம்.

* கல் கிளிஞ்சலைப் படம் எடுங்கள், பையில் போடாதீர்கள்.

* முக்கியமானது இதுதான்: ஊர், தேதி, அங்குள்ள பெரியவர்கள் சொன்ன சங்கதி எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். பாட்டி சொல்லாவிட்டால் எனக்கு அது வெறும் கல்!

பஸ் வந்துவிட்டது. எடுத்த படத்தைப் பாட்டியிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கும்மா. அந்தப் பொண்ணுக்கு உசிரோட இருந்தப்ப ஒரு போட்டோகூட எடுத்திருக்க மாட்டாங்க" என்றார்.

கூடையைத் தூக்க ஒரு கை பிடித்தேன்.